நம் மோட்டார் பரிசோதனையில் தேறுமா?

சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனை நிலையத்திற்குச் சென்றாக வேண்டும். அதில் தேறாவிட்டால் சாலைவரியைப் புதுப்பிக்க முடியாது. நம் நாட்டில் சொந்த மோட்டாருக்கு அப்படியொரு ஆண்டுக் கட்டாயம் இல்லை. காப்புறுதி இருந்தால் சாலைவரியைப் புதுப்பிக்கலாம். பிரேக் பிடிக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஜே.பி.ஜே. சாலையில் நிறுத்தும் நாள்தான் நமக்குப் பரிசோதனை நாள். சாலை விபத்துகளில் மாண்டுபோவோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்கள் என்பதை நினைத்தால் இது சாதாரண விஷயமல்ல. அதிலும் நம் வளாகத்தில் ஓடும் மோட்டார்களில் பல, அண்ணனிடமிருந்தோ படிப்பை முடித்த சீனியரிடமிருந்தோ கைமாறி வந்தவை.

சாலைச் சோதனையில் மாட்டிக்கொள்பவை பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிபவை: கழற்றிய கண்ணாடி, எழுத்து சிறுத்த எண் பட்டை, சத்தம் போடும் எக்ஸாஸ். இவற்றைப் பற்றி நம் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரிசோதனை நிலையத்தில் தோற்கவைக்கும் குறைகளோ வேறு வகை.

முதலில் பிரேக் விளக்கு. அதற்கு இரண்டு சுவிட்சுகள் உண்டு. ஒன்று கைப்பிடியில், மற்றொன்று கால் மிதியில். முன் பிரேக்கைப் பிடித்தால் எரியும் விளக்கு, பின் பிரேக்கை மிதித்தால் எரியாமல் இருக்கலாம். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும். இரவில் ஒரு சுவரருகே நிறுத்தி, இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சுவிட்சின் விலை சில வெள்ளிதான்.

டயரில் கோடு தெரிகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பள்ளத்தின் அடியில் சிறு மேடு ஒன்று இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழையில் நீரை ஒதுக்கித் தள்ள அந்தப் பள்ளம்தான் வேண்டும். அழகுக்காக மெல்லிய டயர் மாட்டுகிறவர்களை எனக்குப் புரியவில்லை; சாலையைத் தொடும் இடத்தையே குறைத்துக்கொண்டு எதை வைத்துப் பிரேக் போடுவார்கள்?

டிரம் பிரேக் உள்ள பல மோட்டார்களில் சக்கரத்தருகே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் உள்ளே கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். நட்டை இறுக்கி இறுக்கி ஓட்டுவது இதற்கு மருந்தாகாது.

பலரும் மறப்பது ஹேண்டலின் பேரிங். நடுத்தாங்கியில் நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பின்புறம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். முன்கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’கென்ற ஆட்டம் தெரிகிறதா? பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டலை மெல்லத் திருப்பும்போது நேர்க்கோட்டில் வந்து சிக்கிக்கொள்கிறதா? உள்ளே குழி விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட மோட்டார் வேகத்தில் நேராகவும் போகாது, ஒழுங்காகத் திரும்பவும் செய்யாது. அப்போதே முன்கால்களில் எண்ணெய் கசிகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். டிஸ்க் பிரேக் உள்ள மோட்டாரில் அந்த எண்ணெய் டிஸ்க்கில் வழிந்தால் பிரேக் வழுக்கும்.

முன்விளக்கில் இன்னொரு தொல்லை. ஹலோஜனுக்காக வடிவமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் ஒளி சிதறும். எதிரில் வருபவர் கண் கூசும், நமக்குச் சாலை சரியாகத் தெரியாது.

செயினின் தொய்வு எவ்வளவு இருக்கலாம் என்பது ஒவ்வொரு மோட்டாரின் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய மோட்டார் வாங்கும் தம்பி தங்கைகள், விலை பேசும்போது அந்தக் கையேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.