முதுகைக் காட்டு, பேரைச் சொல்கிறேன்!

பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தையும் கோழிப்பண்ணைகளையும் தாண்டி, ஏதாவது தோட்டத்துச் சாளையில் பழைய மண்சுவரும் பக்கத்தில் துளசியும் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். கன்னங்கரேலென்று ஒரு தேனீ, உடம்பெல்லாம் பளிச்சென நீலவெள்ளைப் பொட்டு! அட சாமி, இதற்கு யார் இப்படிச் சீவிச் சிங்காரித்தது?

சிங்காரி பலே திருடி. குயில் தேனீ என்று பெயர், பேரினம் தைரியஸ். காக்கைக் கூட்டில் குயில் செய்வதை இவள் மண்ணுக்குள் செய்கிறாள். ஏமாறுவது நீலப்பட்டைத் தேனீ. தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் கவ்விப் பிடித்து, உடம்பை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் உழைப்பாளி அது. அறையில் உணவு நிரப்பி, முட்டையிட்டு, மூடி பூசிவிட்டு அது நகர்ந்ததும், இவள் மூடியைத் துளைத்துத் தன் முட்டையையும் உள்ளே தள்ளிவிடுவாள். பொரிந்து வரும் புழுவுக்கு நீண்டு வளைந்த கூர்த்தாடை. வீட்டுக்காரியின் பிள்ளையைத் தீர்த்துக்கட்டுவதுதான் அதன் முதல் வேலை. பிறகு சேர்த்து வைத்த சாப்பாடு மொத்தமும் அதற்கே! இவள் காலில் மகரந்தம் அள்ளும் முடிக்கற்றையே கிடையாது. உழைக்காதவளுக்குக் கூடை எதற்கு?

சரி, இவள் எந்தத் தைரியஸ்? இங்கேதான் திரைக்குப் பின்னால் கூத்து ஆரம்பம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாய்பிளந்திருப்பீர்கள். நான் சொல்வது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து வேலையை. ஊசியை முதுகின் நட்டநடுவில் குத்த மாட்டார்கள்; சற்று வலப்பக்கம் தள்ளித்தான். அப்போதுதான் இடப்பாதிப் பொட்டுகளாவது சேதமில்லாமல் தப்பும். அடியில் ஊர், தேதி, பிடித்தவர் பெயருடன் எறும்பெழுத்தில் ஒரு சீட்டு. ஆணாக இருந்தால் உடம்பு காய்வதற்குள் பிறப்புறுப்பை நுண் ஊசியால் வெளியே இழுத்து வைக்க வேண்டும். வெட்கப்பட நேரமில்லை!

நாம் சொக்கிப்போகும் அந்தப் பொட்டுகள் வெறும் ஒட்டுமுடி. வயதானால் உதிர்ந்துவிடும். அதனால் நிபுணரின் கண் முதுகின் கடைக்கோடியில் இருக்கும் கருந்தகட்டுக்கும் போகும். அதன் பின்விளிம்பு எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது, வெட்டு ஆழமா, அகலமா? நுண்ணோக்கியடியில் அந்த விளிம்பு துல்லியமாகத் தெரியும் நொடி இருக்கிறதே, அடடா! 1897-ல் பூச்சியியலாளர் பிங்காம் இந்தியத் தேனீக்களைப் பற்றி எழுதியபோது இவளைக் குரோசிசா என்ற பேரினத்தில் வைத்தார். நம் பகுதி இனங்களை லீஃப்டிங்க் 1962-ல் மறுபடி அலசிப் பிரித்தார். இன்றும் பலர் கை போவது அவருடைய அந்த ஆய்வுக்குத்தான்.

அமெரிக்கக் கண்டத்துக் குயில் தேனீக்களும் இதே கண்ணாமூச்சிதான் ஆடுகின்றன. கனடாவின் தேனீ ஆய்வாளர் ஓனுஃபெர்கோ எபியோலஸ் என்ற பேரினத்தை 2018-ல் குடைந்து 15 புது இனங்களை வெளியே எடுத்தார். ஒன்றுக்கு இயற்கைப் படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ பெயரையே சூட்டிவிட்டார்!

பகலில் இவளைப் படமெடுப்பது கஷ்டம், ஒரு நொடி நிற்க மாட்டாள். பொழுது சாய்ந்ததும் வாங்க. காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, காலை மடக்கி, வாயாலேயே தொங்கியபடி தூங்குவாள். முகத்தை விடுங்கள், நேர் மேலிருந்து முதுகை எடுங்கள்.