ஓசையில்லாத காரும் ஓடி விளையாடும் பிள்ளையும்



கார் வாங்குவது ஆண்களின் காரியம் என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். விலை பேசுவதும், பற்றரி பார்ப்பதும், பெயர் மாற்றுவதும் அவர்கள் கையில். உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் நிறம் ஒன்றுதான். ஆனால் வாங்கிய கார் வந்து நிற்கப்போவது உங்கள் முற்றத்தில். பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அதே முற்றத்தில். ஆகவே பணம் கைமாறுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்தக் காரில் என்ன இருக்கிறது?" என்பதல்ல அந்தக் கேள்வி. அதை விற்பவரே வாய் ஓயாமல் சொல்லிவிடுவார். "இந்தக் காரில் என்ன இல்லை?" என்று கேளுங்கள்.

தீவகத்து வீதிகளுக்கு மின்சாரக் கார் பொருத்தமானதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, அப்பால் ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அதன் முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை. போய்த் திரும்பினாலும் நூறு கிலோமீற்றரைத் தாண்டாது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. இரவில் வீட்டில் மின்னேற்றினால் மறுநாள் பயணத்துக்குப் போதும். 2015ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் கார்கள் இன்றும் கைமாறுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் புதிய சீனக் கார்களும் வருகின்றன. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை பணம் அனுப்ப, ஊரிலுள்ள வாப்பா மின்சாரக் கார் பார்க்கும் காலம் இது.

இக்கார்கள் சிலவற்றில் பார்க்கிங் சென்சர் கிடையாது. ஒரே பெயர் கொண்ட காரிலேயே விலை கூடிய தரத்தில் இருக்கும், குறைந்த தரத்தில் இருக்காது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்.

சத்தம் எங்கே போயிற்று?

பெற்றோல் கார் புறப்படுமுன் உறுமும். அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கும் அது கேட்கும். கையில் மா ஒட்டியிருந்தாலும் அவர் ஓடிவந்து சின்னவனைத் தூக்கிக்கொள்வார். கல்வீட்டுச் சுவருக்குள் இருந்தாலும் அந்த உறுமல் ஓர் அறிவிப்பாக இருந்தது. மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. ஆகவே அந்த அறிவிப்பும் இல்லை.

இந்த ஆபத்தை உலகம் உணராமல் இல்லை. மெதுவாகச் செல்லும் மின்சார வாகனம் செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் வாகன விதி 2016இல் வகுத்தது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரையிலும், பின்னோக்கி வரும்போதும் அந்த ஒலி கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் புதிய மின்சாரக் கார் ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயம். ஆனால் அது மெல்லிய ஒலி. தீவகத்தில் சோளகம் வீசும் நாட்களில் பனையோலைச் சலசலப்புக்கு முன் அது எம்மாத்திரம்? பழைய மாடல்கள் சிலவற்றில் அந்த ஒலியை நிறுத்திவைக்கும் பொத்தானும் உண்டு. நீங்கள் வாங்கும் காரில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சர் என்ன செய்கிறது?

காரின் பின் பம்பரில் நாணயமளவு வட்டங்கள், பெரும்பாலும் நான்கு, பதிக்கப்பட்டிருக்கும். அவை மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்புகின்றன. எதிரில் ஏதேனும் இருந்தால் அதில் பட்டு ஒலி திரும்பி வரும். போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், ஒரு மீற்றர் தூரத்திலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்குதான் ஆகும். கிட்ட நெருங்க நெருங்க 'பீப் பீப்' என்று விடாமல் கத்தும்.

நல்ல கருவிதான். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களுக்கெல்லாம் பின்பக்க சென்சர் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்க சென்சர் பொதுவாக ஒன்றரை மீற்றர் அளவில்தான் எச்சரிக்கத் தொடங்கும். மணிக்கு 5 கிலோமீற்றர் என்பது நாம் நடக்கும் வேகம். அந்த வேகத்திலும் கார் ஒரு வினாடியில் 1.4 மீற்றர் நகர்ந்துவிடும். கணக்கைப் பாருங்கள். எச்சரிக்கை கேட்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வினாடி! நிற்கும் சுவருக்கு அது போதும். பந்தைத் துரத்தி ஓடிவரும் பிள்ளைக்குப் போதாது.

இன்னும் சில. மெல்லிய கம்பியையும், நிலத்தோடு தாழ்ந்து கிடப்பதையும் சென்சர் தவறவிடலாம். பள்ளம் அதற்குத் தெரியாது. தாம்போதியின் ஓரத்தில் காரைத் திருப்புகிறவருக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்று அது சொல்லாது. சேறும் உப்புக் காற்றில் படியும் அழுக்கும் மூடினால் தேவையில்லாமல் கத்தும், அல்லது மௌனமாகிவிடும்.

விலை குறைந்த காரில்தான் சென்சர் இருக்காது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2022 ஒக்டோபரில் தன் மாடல் 3, மாடல் வை கார்களிலிருந்து இந்த ஒலி சென்சர்களை நீக்குவதாக அறிவித்தது. இனிக் கமெராக்களே அந்த வேலையைச் செய்யும் என்றது. ஆனால் கமெரா மூலம் தூரம் சொல்லும் வசதி 2023 மார்ச் அளவில்தான் மென்பொருளாக வந்து சேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்கள் அந்தத் தூர எச்சரிக்கை இல்லாமலே காரை நிறுத்தினார்கள். பெரிய பெயரும் பெரிய விலையும் கேள்வி கேட்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை.

ஒரு வீட்டில் நடந்தது, ஒரு நாட்டின் சட்டமானது

2002ஆம் ஆண்டு. நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியில் ஒரு தந்தை தன் வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தார். அவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர். கண்ணாடிகளைப் பார்த்தார். தோளுக்கு மேல் திரும்பியும் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. வாகனத்துக்குப் பின்னால் நின்றது அவருடைய இரண்டு வயது மகன். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்தத் தந்தை துக்கத்தோடு முடங்கிவிடவில்லை. மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வருடக்கணக்காக வாதாடினார். 2008இல் அந்தப் பிள்ளையின் பெயராலேயே சட்டம் கையெழுத்தானது. 2018 மே முதல் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராகும் ஒவ்வொரு புதிய காரிலும் பின்புறத்தைக் காட்டும் கமெரா கட்டாயமாயிற்று. பிள்ளை இறந்து பதினாறு ஆண்டுகளின் பின்!

அச்சட்டத்துக்காக அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறை திரட்டிய கணக்கு நெஞ்சைப் பிசைகிறது. பின்னோக்கி வரும் வாகனங்களால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்தார்கள். 15,000 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 26 சதவீதம் எழுபது வயதைத் தாண்டிய முதியவர்கள். ஓடிவந்து விலக முடியாத இரு சாரார். இவர்கள் இருவரும் நம் முற்றத்திலும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாடு கட்டாயமாக்கியது சென்சரை அல்ல, கமெராவை. பம்பரைக் காப்பாற்றச் சென்சர் உதவும். பின்னால் நிற்பது சுவரா பிள்ளையா என்று காட்டுவது கமெராதான். ஆகவே சென்சர் இல்லாத காரை வாங்க நேர்ந்தால் முதலில் பின்புறக் கமெராவைப் பொருத்திக்கொள்ளுங்கள். சென்சர் அடுத்தது. இரண்டையும் பின்னர் பொருத்துவதற்கு யாழ்ப்பாணத்தில் வழி உண்டு.

விற்பவர் சொல்ல வேண்டியது

சென்சர் இல்லாதது ஒரு குறைபாடா? அதற்காகக் காரைத் திருப்பிக் கொடுக்கலாமா? நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இதற்குத் தெளிவான அளவுகோல் தருகின்றன. அவ்வகைப் பொருளில் வழமையாக இருக்கக் கூடாததாக, அதன் பெறுமதியைக் குறைப்பதாக அல்லது நோக்கத்தைக் கெடுப்பதாக இருப்பதே 'ஐபு', அதாவது குறை.

தொழிற்சாலையிலேயே சென்சர் இல்லாமல் வந்த தரமென்றால் அது குறையல்ல. வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே கார் எங்கோ மோதி, சென்சர் இருந்த பம்பரை மாற்றி, துளையை அடைத்து, நிறம் பூசி வந்திருந்தால் அது குறை. சொல்லாமல் விற்பது கூடாது. வட்டங்கள் நான்கும் அழகாக இருந்து, உள்ளே வேலை செய்யாவிட்டாலும் அப்படியே. "சென்சர் உண்டு" என்று சொல்லி விற்று, வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லை என்றால் வாங்கியவர் உடன்பாட்டை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுகிறார். ஆனால் தெரிந்தவுடன் தாமதமின்றிக் கேட்க வேண்டும். ஆறு மாதம் ஓட்டிவிட்டு வாதாட இடமில்லை.

பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்த ஆடுபோலக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். வெறும் வட்டங்களை ஒட்டிக்கொண்டு வரும் பம்பர் அந்த ஆட்டின் மடியைப் போன்றதுதான். உங்கள் வீட்டுக் காரை நீங்கள் விற்கும்போதும் இதே சட்டம் உங்களைப் பிடிக்கும் என்பதை மறவாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதான்.

இன்னொன்றையும் அச்சத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அறியாமல் நேர்ந்த மரணத்துக்குக் கொலைப் பாவம் இல்லை. ஆயினும் மார்க்கம் அதை "விதி" என்று சொல்லி விட்டுவிடவில்லை. நஷ்டஈடும் பரிகாரமும் விதித்திருக்கிறது. உயிர் விஷயத்தில் கவனக்குறைவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

முற்றத்துக்குச் சில ஒழுங்குகள்

ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை எழுந்து நின்றால் உயரம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்குப் பெட்டியொன்றை அடுக்கிக் காருக்குப் பின்னால் வையுங்கள். ஓட்டுகிறவரை ஆசனத்தில் இருத்தி, பெட்டியின் உச்சி பின்கண்ணாடி வழியே தெரியும்வரை அதைப் பின்னோக்கி நகர்த்துங்கள். எத்தனை அடி நகர்த்த வேண்டியிருக்கிறது என்பதை வீட்டார் எல்லோரும் கண்ணால் காணட்டும். ஓட்டுகிறவர் உயரம் குறைந்தவரானால் அந்தக் குருட்டிடம் இன்னும் நீளும். இனி:

1. பிள்ளைகளைக் கண்ணால் காணாமல் கார் நகரக் கூடாது. பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அல்லது கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவரின் பார்வையில் நிற்க வேண்டும். "உள்ளேதான் இருப்பான்" என்ற பேச்சு வேண்டாம்.

2. ஏறுவதற்கு முன் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். கோழியும் ஆடும்கூட நிழலுக்குக் காரின் அடியில் படுப்பவை.

3. வளவுக்குள் வரும்போதே காரைத் திருப்பி, முன்பக்கம் படலையைப் பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள். வரும்போது பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ள நேரமிருக்கும். அவசரமெல்லாம் புறப்படும்போதுதான்.

4. பெருநாளிலும் விடுமுறையிலும் இரட்டிப்புக் கவனம் தேவை. 1990இல் வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு கால், புத்தளத்தில் ஒரு கால். உறவினர் வந்திறங்கும் நாளில் முற்றத்தில் எத்தனை பிள்ளைகள் என்பதே வீட்டாருக்குச் சரியாகத் தெரியாது. அன்று புறப்படுமுன் எண்ணிப் பாருங்கள்.

5. குறிகட்டுவானில் நெரிசலுக்குள் காரைப் பின்னெடுக்காதீர்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் படகைப் பிடிக்கும் அவசரத்தில் கார்களுக்கிடையே புகுந்து ஓடுவார்கள். அவர்களுக்கும் உங்கள் காரின் சத்தம் கேட்காது. ஒருவர் இறங்கி நின்று வழிகாட்டட்டும்.

6. சென்சர் வட்டங்களையும் கமெராவின் கண்ணாடியையும் ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள். உப்புக்காற்று ஊருக்கு இது அவசியம்.

7. காரின் திறப்பு பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மின்சாரக் கார் 'ஓன்' நிலையில் இருப்பதும் நிற்பதும் காதுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

சகோதரிகளே! சென்சர் இல்லாத காரை வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வசதிக்கேற்பத்தான் வாங்க முடியும். ஆனால் இல்லாததை இல்லை என்று தெரிந்து வாங்குங்கள். அந்த வெற்றிடத்தை வீட்டின் ஒழுங்கால் நிரப்புங்கள். சென்சர் உள்ள காரை வாங்கினாலும் அந்த ஒழுங்கைக் கைவிடாதீர்கள். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் பொறுப்பைக் கத்துகின்ற நான்கு வட்டங்களிடம் ஒப்படைக்க முடியாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் வீதிகளில் நடக்கும் யாவரையும் காத்தருள்வானாக!