வாக்குத்தத்தம் வந்தாச்சு, கூலி வந்ததா?

டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தென் மாவட்டத்து ஊர்களில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பெஞ்சில் இடம் கிடைக்காது. வருஷம் முழுக்க ஞாயிறு ஆராதனைக்குத் தலைகாட்டாதவர்களும் அன்றைக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும், ஜெபம் முடியும், கைகுலுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் காத்திருந்த தட்டு வரும். சூரியகாந்திப் பூவோ அருவியோ அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள், வசனம் தெரியாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஒன்று. கையில் வருவதுதான் அந்த வருஷத்து வாக்குத்தத்தம்.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு வாசற்படியில் காதில் விழுந்தது இது.

"ஆச்சி, ஒனக்கு என்ன வசனம் வந்திருக்கு?"

"கண்ணாடி கொண்டு வரல மக்கா, நீயே வாசி."

பேரன் வாசித்தான். ஆச்சி இந்த வருஷம் வாலாக மாட்டாராம், தலையாவாராம்.

"எம்பது வயசுல தலையாகி நான் என்ன எலெக்ஷன்லயா நிக்கப் போறேன்? ஒங்க அப்பாட்ட குடு. அவனுக்குத்தான் பிரமோஷன் வரணும்."

அட்டை கை மாறியது. ஆச்சி எடுத்தது உபாகமம் 28:13. காலண்டர், ஆட்டோவின் பின்கண்ணாடி, கடைப் பலகை என்று தமிழ்க் கிறிஸ்தவர்களின் கண்ணில் அதிகம் படும் வசனங்களில் அதுவும் ஒன்று. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14-இல் முடிந்துவிடுகிறது. மீதி 54-ம் சாபம்: கொள்ளைநோய், பஞ்சம், முற்றுகை, சிறையிருப்பு. வால், தலை என்ற பேச்சு அந்தப் பகுதியிலும் திரும்ப வருகிறது. 44-ஆம் வசனத்தில் தலையாவது ஊருக்குள் குடியிருக்கும் அந்நியன், வாலாவது நாம். இதை எந்த அச்சகமும் அட்டையில் அடித்து நான் பார்த்ததில்லை. 13-ஆம் வசனத்திலேயே ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கட்டளைகளைக் கைக்கொண்டால் என்று. அட்டையில் இடம் போதாமல் அது வெட்டுப்பட்டுவிடும்.

சீட்டெடுத்து வசனம் பெறும் வழக்கத்துக்கு நல்ல பூர்வீகம் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் சின்சென்டார்ஃப் பிரபு 1728-இல் தம் மொராவிய சகோதரர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியத்தைக் கொடுக்கத் தொடங்கினார். காலையில் ஆட்கள் வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வருவார்கள். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அதே மொராவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். நம் அட்டைப் பழக்கம் அவர்கள் வழியாகத்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். அங்கே வசனம் அன்றாடம் மாறும். இன்றைக்கு ஆறுதல் வந்தால் நாளைக்குக் கண்டிப்பு வரலாம். நாம் வருஷத்துக்கு ஒன்றை எடுத்து லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுகிறோம். அந்த ஒன்றும் இனிப்பானதாகவே பார்த்துப் பொறுக்கப்பட்டது.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் நம்மைக் குறித்து வைத்திருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம். வேலை தேடும் பிள்ளைக்கும் வரன் தேடும் பெண்ணுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் வருவது அது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று அங்கே சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா சொன்னது வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணி வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். திரும்புவதற்கு 70 வருஷம் ஆகும். கடிதத்தைக் கேட்டவர்களில் நரை விழுந்திருந்த ஒருவர்கூட ஊர் திரும்பியிருக்க முடியாது. பத்தாம் வசனத்தில் இருக்கும் அந்த எழுபதை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கிறோம்.

துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வசனம் தெம்பு தந்தால் உனக்கென்ன நஷ்டம் என்று ஆயர்கள் கேட்கிறார்கள். நஷ்டமில்லைதான்.

என் கவலை ஏசாயா 58-இல் இருக்கிறது. கர்த்தர் நித்தமும் நடத்துவார், நீர்ப்பாய்ச்சலான தோட்டம்போல் இருப்பாய் என்ற 11-ஆம் வசனம் வாக்குத்தத்த அட்டைகளின் ராணி. அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் ஒரு புகார் பதிவாகியிருக்கிறது. உபவாச நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள் என்று. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்ந்து, வீடற்றவனை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பிறகுதான் தோட்டமும் தண்ணீரும். உபவாச ஜெபம் நடக்கும் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு அன்றைக்குக் கூடுதல் வேலை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட வேண்டும், டம்ளர் கழுவ வேண்டும். ஜெபம் முடியும்வரை அவர் பின்வாசலில் உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு போட்டால் அதைச் சம்பளத்தில் கழிக்கிற வீடுகளையும் நான் அறிவேன். கழித்த கையோடு பழைய சேலை ஒன்றைக் கொடுத்து, அதற்குக் கிறிஸ்துமஸ் துணி என்று பெயரும் வைப்பார்கள்.

வேதம் இந்த விஷயத்தில் சுற்றி வளைப்பதே இல்லை. லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24:14-15 இன்னும் கறார்: ஏழைக் கூலியாள் உன் சகோதரனாக இருந்தாலும் உன் ஊரில் இருக்கும் அந்நியனாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் பிழைக்கிறான், அவன் முறையிட்டால் பாவம் உன் தலையில். நிறுத்தி வைத்த கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எச்சரிக்கிறது. தலையாக்குவார் என்ற வசனத்துக்கு நாலு அதிகாரம் முன்னால், அதே உபாகமத்தில் இருக்கிறது இந்தக் கட்டளை.

மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமையைக் கிருபைக்கு உதாரணமாக எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஒரு பணம். ஆனால் எல்லோருக்கும் அன்று சாயங்காலமே பணம் கைக்கு வந்துவிட்டது என்பதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. முணுமுணுத்தவர்கள்கூட அடுத்தவனுக்கும் அதே கூலியா என்றுதான் முணுமுணுத்தார்கள். பாக்கி எங்கே என்று கேட்க வேண்டிய நிலையில் அந்த எஜமான் அவர்களை வைக்கவில்லை.

நம் ஊர்க் கோயில்களுக்குப் பண்டிகைக்கு முன்னால் வெள்ளையடிப்பு நடக்கும். இப்போதெல்லாம் சாரத்தில் ஏறி நிற்பவர்களில் வடமாநிலப் பையன்கள் நிறைய. உபாகமம் சொல்லும் ஊரிலிருக்கும் அந்நியன் இவர்களேதான். கோபுரத்து நட்சத்திரத்துக்குச் சீரியல் பல்பு கட்டுவதும் அவர்களே. கிறிஸ்துமஸ் காலையில் நாம் புதுத்துணியில் போய் நிற்கிறபோது, சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகாமல் இருக்கும்.

உபாகமத்தின் அந்த 24-ஆம் அதிகாரத்தை வைத்து ஜனவரி முதல் ஞாயிறு ஒரு பிரசங்கம் வைக்கலாமே என்று ஒரு சபையின் பொருளாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"வைக்கலாம் சார், நல்ல வசனம். ஆனா ஜனவரி வேண்டாம். பண்டிகைச் செலவு கணக்கே இன்னும் முடியல, பெயிண்டர் பாக்கி வேற நிக்குது."