குப்பிக்குள் கத்தரிக்கோல்!

கரும்பை நடுகிறான் உழவன், வெட்டுகிறான் கூலியாள், லால்குடி வட்டத்துக் காட்டூரிலே ஆலை நின்று அதைச் சர்க்கரையாக்குகிறது. ஊருக்கெல்லாம் இனிப்பு வழங்கிய அந்த உழைப்பாளியைப் பார்த்து ஒருநாள் மருத்துவர் சொல்லுகிறார்: "சர்க்கரையைத் தொடாதே!"

பணக்காரர் நோய் என்றனர் ஒரு காலத்தில். இன்று மூட்டை தூக்குபவன் வீட்டிலும், நாற்று நடுபவள் வீட்டிலும் நீரிழிவு குடியேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்நோய் என்றது அது.

அந்தப் பத்துக் கோடியில் பலர் விழுங்கும் மாத்திரைகளில் ஒருவகை, 'கிளிப்டின்' என்று முடியும் பெயருடையது. அந்த மாத்திரை பிறந்த கதையைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதிலே அறிவியலும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது.

நாம் சோறு உண்டதும் குடலிலே ஒரு தூதுவன் புறப்படுகிறான். ஜி.எல்.பி. 1 என்பது அவன் பெயர். "உணவு வந்துவிட்டது, இன்சுலினைச் சுரந்து கொடு!" என்று கணையத்துக்குச் செய்தி சொல்லுவது அவன் வேலை. ஆனால், இரண்டே நிமிடத்தில் பாதித் தூதுவர்கள் வீழ்த்தப்படுகிறார்கள்! வீழ்த்துவது யார்? நம் உடம்பிலேயே உள்ள ஒரு நொதி. 766 அமினோ அமிலங்கள் கோத்த புரதம், டி.பி.பி. 4 என்று பெயர். தூதுவனின் தலைப்பக்கம் இரண்டு கண்ணிகளை நறுக்கிவிடும் கத்தரிக்கோல் அது. 1966-லேயே ஹாப்சு-ஹாவு, கிளென்னர் என்ற இருவர் அதைக் கண்டறிந்தனர்.

கத்தரிக்கோலை மடக்கினால் தூதுவன் பிழைப்பான். தூதுவன் பிழைத்தால் இன்சுலின் சுரக்கும். சரி, மடக்கும் மருந்தைத் தேடுவது எப்படி? மனிதனை அறுத்து நொதி எடுக்க முடியுமா? பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். ஆனால், பன்றிக்கு ஒத்தது மனிதனுக்கும் ஒக்கும் என்று யார் உறுதி கூறுவது?

அங்கேதான் வருகிறது மரபணு ஒட்டுவேலை. மனித நொதிக்கான மரபணுவை நகலெடுக்கிறார்கள். பூச்சியின் உயிரணுக்களுக்குள் புகுத்துகிறார்கள். பூச்சியின் அணு, மனிதனின் நொதியைச் செய்து கொடுக்கிறது! அதைப் பிரித்து, தூய்மையாக்கி, உறையவைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டப்பட்ட அந்தக் குப்பியில் இருப்பது கடுகளவுகூட இல்லை. விலையோ பல ஆயிரம் ரூபாய்.

குப்பி நொதியோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். கத்தரி நறுக்கினால் அது ஒளிரும். பிறகு புது மருந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒளி மங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இப்படிப் பலநூறு பொருள்களைச் சலித்துத் தேர்ந்தவைதான் வில்டாகிளிப்டினும், 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிட்டாகிளிப்டினும்.

அதே மனித நொதியைத்தான், 2012-இல் அரபு நாட்டில் தோன்றிய மெர்ஸ் கிருமி நுழைவாயிலாகப் பயன்படுத்துகிறது என்று 2013-இல் கண்டார்கள். பிழைப்புக்காக அரபு நாடு போன நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் அந்தக் குப்பிக்கும் தொடர்பு உண்டு என்றால், ஆய்வுக்கூடம் நமக்கு அயலாகுமா?

இனி அரசியல். 1970-இன் காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அல்ல, அதைச் செய்யும் முறைக்கே உரிமை தந்தது. வேறு முறையிலே செய்து மலிவாக விற்க இங்கே வழியிருந்தது. 2005 சனவரி முதல் நாள் தொட்டு மருந்துக்கே 20 ஆண்டு உரிமை வந்தது, வழி அடைபட்டது. இந்தியாவிலே வில்டாகிளிப்டின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தது. சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022 சூலையில் முடிந்தது. முடிந்ததும் என்ன நடந்தது? பல நிறுவனங்கள் களத்திலே குதித்தன. பாதிக்கும் கீழே விலை சரிந்தது! அதே மருந்து, அதே நோய், அதே நோயாளி. மாறியது சட்டத்தின் நாள்காட்டி ஒன்றுதான்!

கண்டுபிடித்தவனுக்குக் கூலி கூடாது என்றா கூறுகிறோம்? இல்லை, கூலியின் அருமை உழைப்பவனுக்குத் தெரியும். ஆனால், கட்டடத்தின் கடைசிச் செங்கல்லை வைத்தவன், கடைக்கால் எடுத்தவனை மறக்கலாமா? புரதத்தின் வடிவம் சரிதானா என்று பார்க்க உலகமே இன்றும் கையாளுகிற வரைபடத்தை 1963-இல் தந்தது எந்த ஊர்? பொதுப்பணத்தில் நடக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்! அங்கே ஜி. என். இராமச்சந்திரனும் அவர் குழுவும் கண்ட அந்த அளவுகோலுக்கு எவரும் வாடகை கேட்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. மனித நொதிகளை நம் பல்கலைக்கழகங்களே செய்யட்டும்; அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும். பிறரிடம் குப்பி வாங்கியே ஆராயும் நாடு, பிறர் சொன்ன விலைக்கே மாத்திரையும் வாங்கும். லால்குடி அரசுப் பள்ளியிலே படிக்கும் கரும்பு வெட்டுபவரின் மகள் நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் நிற்கட்டும். அவள் கையிலே இருக்கும் கத்தரிக்கோல், அப்பனின் நோயையும் நறுக்கும். அடிமை விலையையும் நறுக்கும்!