காரை கேஸுக்கு மாற்றலாமா? பட்டறைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

பெட்ரோல் செலவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, "காரை கேஸுக்கு மாற்றிவிட்டால் பாதிக்குப் பாதி மிச்சம்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். சென்னையில் கேஸில் ஓடும் ஆட்டோக்களைப் பார்த்து வந்தவர்களும், ஒரு காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்.ஜி.வி. டாக்சி ஓட்டியவர்களும் இதைச் சொல்கிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் பட்டணம் போய்வரும் குடும்பத்துக்கு இது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தேடும் முன், எந்த கேஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

இரண்டு கேஸ், இரண்டு குணம்

என்.ஜி.வி. என்பது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சுமார் 200 பார் அழுத்தத்தில், கனமான கலனில் அடைக்கப்படுகிறது. காற்றைவிட இலேசானது என்பதால், கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்துவிடும்.

எல்.பி.ஜி. என்பது நம் சமையலறையில் இருக்கும் அதே வகை. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 10 பாருக்கும் குறைவான அழுத்தத்திலேயே திரவமாக இருக்கும். காற்றைவிடக் கனமானது. கசிந்தால் காரின் தரையிலும் கால்வாயிலும் தேங்கி நிற்கும். அதன்பின் ஒரு சிறு பொறி போதும்.

என்.ஜி.வி. கதை முடிந்துவிட்டது

என்.ஜி.வி.யை 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் முடிவுக்குக் கொண்டுவருவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2024 நவம்பரில் அறிவித்தார். அந்தக் கலன்களின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள்; பல வாகனங்கள் அதைத் தாண்டிவிட்டன என்பதே முக்கியக் காரணம். பெட்ரோனாஸ் நிலையங்களும் கட்டம் கட்டமாக என்.ஜி.வி. விற்பனையை நிறுத்தின. ஆகவே, யாராவது பழைய என்.ஜி.வி. சாமான்களை மலிவாகப் பொருத்தித் தருவதாகச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வெளிநாட்டில் எப்படி ஓடுகிறது?

துருக்கி, போலந்து, இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளில் எல்.பி.ஜி. கார்கள் சர்வ சாதாரணம். இந்தியாவிலும் அனுமதி உண்டு. ஆனால் அங்கே காரில் இருப்பது சமையல் தோம்பு அல்ல. வாகனத்துக்கென்றே செய்த கலன் அது. 80 விழுக்காடு நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு இருக்கும். வெயிலில் திரவம் விரிவதற்காக மீதி இடம் காலியாக விடப்படுகிறது. இன்ஜின் நின்றதும் கேஸை நிறுத்தும் மின்வால்வும், அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றும் வால்வும் உண்டு. கலன் காரின் உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். நிரப்பத் தனி நிலையங்களும், சோதிக்கத் தனி விதிமுறைகளும் இருக்கின்றன.

நம் நாட்டில் கார்களுக்கு எல்.பி.ஜி. நிரப்பும் நிலையங்களின் கட்டமைப்பு இல்லை. அதனால் இங்கே "கேஸுக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், நடைமுறையில் அது வீட்டுத் தோம்பைக் காரில் வைப்பதில்தான் போய் முடியும். வீட்டுத் தோம்பில் 80 விழுக்காட்டில் தானாக அடைக்கும் வால்வும், இன்ஜின் நின்றதும் கேஸை நிறுத்தும் மின்வால்வும் இல்லை. அது நிமிர்ந்து, அசையாமல், காற்றோட்டமான இடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. பின்பெட்டியில் படுக்க வைத்து, குண்டும் குழியுமான தோட்டச் சாலையில் ஓட்டுவதற்கு அல்ல. பின் இருக்கையில் உட்காருவது நம் பிள்ளைகள்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

இப்போது கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய காருக்குச் சுமார் 100 லிட்டர் பெட்ரோல் தேவை. பூடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30ஆம் தேதி தொடங்கியபோது, மைகாட் காட்டும் மலேசியருக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. ஆக, மாதச் செலவு 199 வெள்ளி.

14 கிலோ தோம்பு ஒன்றில் இருக்கும் எரிசக்தி ஏறக்குறைய 20 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 100 லிட்டருக்கு ஈடாக 5 தோம்பு வேண்டும். மானிய விலை தோம்புக்கு 26.60 வெள்ளி என்றால், மொத்தம் 133 வெள்ளி. மாதம் 66 வெள்ளி மிச்சம் என்று தோன்றும். ஆசை காட்டுவது இந்தக் கணக்குதான்.

ஆனால் 26.60 என்பது கேஸின் உண்மை விலை அல்ல. அடுப்பு எரிய அரசாங்கம் மானியம் கொடுத்த விலை. மானியம் இல்லாத 14 கிலோ தோம்பு 2025இல் சுமார் 70 வெள்ளிக்கு விற்றது. அந்த விலையில் 5 தோம்பு 350 வெள்ளி. பெட்ரோலை மானியம் இல்லாமல் லிட்டர் 2.60 வெள்ளிக்கு வாங்கினாலும் 260 வெள்ளிதான். அதாவது, நேர்வழியில் போனால் கேஸ்தான் விலை அதிகம். மிச்சமாகத் தெரிந்தது முழுவதும் சமையலறைக்குரிய மானியம்.

அதை வேறு காரியத்துக்குத் திருப்புவது 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். தனிநபருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஜேபிஜே அனுமதி இல்லாமல் எரிபொருள் முறையை மாற்றுவது தனிக் குற்றம். கிராண்டில் பெட்ரோல் என்று இருக்க, காரில் கேஸ் இருந்தால், விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வழி கிடைக்கும். மாதம் 66 வெள்ளிக்காக ஏற்கக்கூடிய ஆபத்தா இது?

பழைய கார் வாங்குபவர்களுக்கு

பழைய டாக்சிகளும் என்.ஜி.வி. பொருத்திய கார்களும் இன்னும் கைமாறலாம். வாங்கும் முன் கிராண்டில் எரிபொருள் என்னவென்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பின்பெட்டியைத் திறந்து கலன், குழாய், வால்வு எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். புஸ்பாகோம் பரிசோதனை முடிந்த பிறகே பணம் கொடுங்கள். கழற்றிய கலனைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உள்ளே அழுத்தம் மீதி இருக்கலாம்.

காருக்குள் கேஸ் வாடை அடித்தால் இன்ஜினை முடுக்காதீர்கள். விளக்கு, விசிறி எதையும் தட்டாதீர்கள். கதவுகளைத் திறந்து, எல்லாரையும் இறக்கி, தூரமாக நின்று 999க்கு அழையுங்கள்.

செலவைக் குறைக்க நேரான வழி

டயர் காற்றழுத்தத்தை மாதம் இருமுறை சரிபாருங்கள். எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். காற்று வடிகட்டியையும் பிளக்கையும் காலத்தில் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் வேகத்தை 110இலிருந்து 90க்குக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். ஒரே பக்கம் வேலைக்குப் போகும் இருவர் ஒரு காரில் போனால், ஆளுக்குப் பாதிச் செலவு மிச்சம். கேஸ் தருவதாகச் சொல்லும் அந்தப் பாதி, இந்த வழியில் உண்மையாகவே கைக்கு வரும்.