உயேதா அகினாரியின் ஆவிக்கதைகள்

பேய்க்கதை வழங்காத நாடு உலகில் இல்லை எனலாம். கேட்போரை நடுங்கச் செய்வதே அவற்றுட் பலவற்றின் நோக்கம். மனிதன் கொடுத்த வாக்கின் கனத்தையும் பிரிவின் துயரையும் உணர்த்துதற்கு ஆவிகளைத் துணைக்கொண்ட எழுத்தாளர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு யப்பானில் வாழ்ந்தார். அவர் பெயர் உயேதா அகினாரி.

1734ஆம் ஆண்டில் ஒசாக்கா நகரிற் பிறந்த அவர், தந்தை இன்னாரென்று அறியாதவர். தாயும் கைவிட்டமையால், நான்காம் வயதில் உயேதா என்னும் குடும்பப் பெயருடைய வணிகர் ஒருவர் அவரைத் தத்தெடுத்தார். அடுத்த ஆண்டே குழந்தைக்கு வைசூரி கண்டது. வளர்ப்புத் தந்தை இனாரித் தெய்வத்தின் கோயிலுக்குச் சென்று மன்றாடினார். உயிர் பிழைத்தது, ஆனால் இரு கைகளிலும் விரல்கள் குறுகி ஊனமுற்றன. தூரிகை பிடித்து எழுதுதற்கும் இடர்ப்பட்ட அந்தக் கைகளே பின்னர் யப்பானிய உரைநடைக்கு அழியாத அணி செய்தன.

1771இல் நேர்ந்த தீயில் அவருடைய வணிகம் அழிந்தது. பின்னர் மருத்துவம் பயின்று அதனாற் பிழைத்தார். 1776இல், ‘உகெட்சு மொனோகத்தாரி’ என்னும் நூல் வெளிவந்தது. ‘மழையும் நிலவும் பற்றிய கதைகள்’ என்பது அதன் பொருள். ஒன்பது கதைகள் கொண்ட அந்நூலுக்கு அவர் தம் இயற்பெயரை இடவில்லை; கிளை தறிக்கப்பட்ட ஊனன் எனப் பொருள்படும் புனைபெயரையே இட்டார். தம் விரற்குறையைத் தாமே எள்ளிய பெயர் அது.

அவற்றுள் ஒரு கதையைக் கேளுங்கள். நோயுற்ற வீரன் ஒருவனை ஓர் ஏழை அறிஞன் பேணிக் காக்கிறான். இருவரும் உடன்பிறந்தார் போலாகின்றனர். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வந்தித் திருநாளன்று திரும்பி வருவேனென்று கூறி வீரன் தன் நாடு செல்கிறான். அந்நாளில் அறிஞன் விருந்து சமைத்துக் காத்திருக்கிறான். நிலவு மறையும் வேளையில் நண்பன் வருகிறான், உணவையோ தொடவில்லை. தான் சிறைப்பட்டதை அவன் கூறுகிறான். மனிதன் ஒரு நாளில் ஆயிரம் காதம் நடக்க மாட்டான், ஆவியோ நடக்கும். ஆதலால் உயிரை மாய்த்துக்கொண்டு வாக்கைக் காக்க வந்தானாம்!

சீனக் கதையொன்றைத் தழுவியதே எனினும், இதன் உருக்கம் அகினாரிக்கே உரியது. இங்கு ஆவியைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. வாக்குத் தவறிய நாட்களை எண்ணியே அஞ்சுகிறோம்.

பழம் புராணங்களை உலகம் முழுவதற்கும் உரிய உண்மையெனக் கொண்ட பேரறிஞர் மொத்தோரி நொரினாகாவுடன் அவர் வாதிட்டார். ஆவியே இல்லையென்ற கல்விமான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதுமையில் மனைவியை இழந்தார், கண்ணொளி குன்றியது. 1807இல் தம் கையெழுத்துப் படிகள் பலவற்றைக் கிணற்றில் எறிந்தார். ஆயினும் எழுத்து அவரை விடவில்லை. ‘வசந்தகால மழைக் கதைகள்’ என்னும் இறுதித் தொகுதியைத் திருத்திக்கொண்டே 1809இற் கியோத்தோவில் மறைந்தார்.

அவருடைய இரு கதைகளைக் கொண்டு மிசோகுச்சி கென்ஜி ஆக்கிய ‘உகெட்சு’ திரைப்படம், 1953இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்க விருது பெற்றது. கிணற்றில் எறிந்தவை போக எஞ்சியவை, கடல் கடந்தும் வாழ்கின்றன.