ஆறு வாரத்தில் ஐந்து கிலோமீட்டர்



நம் ஆவடியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ரோட்டுக்கு வந்து பாருங்கள், யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். சி.ஆர்.பி.எப். முகாம், சிறப்புக் காவல் படை, விமானப்படை நிலையம் எல்லாம் உள்ள ஊர் இது. டிப்ளமோ முடிக்கும் நம்மில் பலர், அப்ரண்டிஸுக்கு அலையும்போதே மத்தியக் காவல் படைகளின் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கிறோம். 2024 முதல் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அடுத்து ஓட்டம் இருக்கிறது. ஆண்களுக்கு 5 கி.மீ., 24 நிமிடம். பெண்களுக்கு 1.6 கி.மீ., எட்டரை நிமிடம். இதற்கு மார்க் கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில்தான். எழுத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பத்து விநாடி தாமதித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!

எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் பலர் ஷூவைத் தேடுகிறார்கள். கையில் ஆறு வாரம் இருந்தால் என்ன செய்யலாம்? நானும் நண்பர்களும் பழகிவரும் முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 400 மீட்டர் மைதானத்தில் 5 கி.மீ. என்பது பன்னிரண்டரை சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. பெண்களுக்கு 4 சுற்று. சுற்றுக்கு 2 நிமிடம் 7 விநாடி. புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000 மீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓடித் தங்கம் வென்றார். நமக்கு அந்த வேகம் தேவையில்லை. ஒரே வேகத்தைக் கடைசி வரை காப்பாற்றத் தெரிந்தால் போதும்.

தினமும் 5 கி.மீ. முழு வேகத்தில் ஓடினால் சீக்கிரம் தேறிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து உட்கார வைத்துவிடும். லேத்தில் ஒரே பாஸில் ஆழமாக வெட்டினால் டூல் உடையும் அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கடைசியில் ஃபினிஷிங் கட் கொடுப்பதுதான் முறை. ஓட்டமும் அப்படித்தான்.

1, 2-ஆம் வாரம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும்.

3, 4, 5-ஆம் வாரம்: வாரம் நான்கு நாள். மூன்று நாள் மெதுவாக 35, 40 நிமிடம். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதை இதற்கு நல்ல இடம். ஒரு நாள் மட்டும் வேகம்: சுற்றுக்கு 1 நிமிடம் 50 விநாடியில் ஆறு சுற்று, நடுவில் இரண்டு நிமிட நடை. அடுத்த வாரம் அதை எட்டாக்கலாம். ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரே ஒரு முறை முழுத் தூரத்தையும் கடிகாரம் வைத்து ஓடிப் பாருங்கள். பெண்கள் இதே திட்டத்தில் மெது ஓட்டத்தை 25 நிமிடமாக்கி, வேக நாளில் சுற்றுக்கு 2 நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

6-ஆம் வாரம்: பாதியாகக் குறையுங்கள். கடைசி இரண்டு நாள் ஓய்வு. இன்று செய்யும் பயிற்சியின் பலன் உடம்பில் சேர பத்து நாளுக்கு மேல் ஆகும். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து ஓடினால் களைப்புதான் மிஞ்சும்.

ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது வாழைப்பழம் போதும். புது ஷூவை அன்றைக்கு மாட்டாதீர்கள். முதல் சுற்றில் கூட்டம் பாய்ந்து ஓடும், நீங்கள் 1.55-ஐ விடாதீர்கள். ஆரம்பத்திலேயே மூச்சுத் திணறினால் எட்டாவது சுற்றில் கால் இரும்பாகிவிடும்.

ஏற்கெனவே கிரிக்கெட், சைக்கிள் என்று உடம்பை அசைப்பவர்களுக்குத்தான் ஆறு வாரம். அசையாமலே இருந்தவர்கள் விண்ணப்பம் போடும் அன்றே ஆரம்பிக்க வேண்டும். ஆஸ்துமா, நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பதறாத காரியம் சிதறாது. நாளைக் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் சந்திப்போம்!